தரை தொட்ட பின் அளக்காத வாயு

மகனுக்கு ஸலாம்.

நலம் விசாரிக்கும் வரிகளை இம்முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இல்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு நீ அழைத்தாய். அரை மணித்தியாலம் கதைத்தோம். முடிவில் ஒரு கேள்வி கேட்டாய்: "உம்மா, பிழையெண்டு தெரிஞ்சிக்கிட்டே நீங்க எப்பயாச்சும் ஒப்பம் வெச்சிரிக்கீங்களா?" நான் "இல்ல" என்றேன். அடுத்த வாக்கியமாக, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. எழுபத்து நான்கு வயதில், ஒரே மூச்சில் இரண்டு பொய்கள். பாலைப் பற்றிய பொய்யை நீ மன்னித்துவிடலாம். மற்றதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை நீ பேனாவை எடுப்பதற்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேரவேண்டும், ஆகவே தாள்களைப் படமெடுத்துத் தொலைபேசியில் அனுப்புகிறேன்.

இதை நீ மட்டும் வாசிக்கப்போவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த சிலவற்றையும் நான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கல்முனையில் பிறந்து, நான் கற்பித்த பாடசாலையிலேயே என்னிடமே இரசாயனவியல் படித்து, இன்று நீ தூர தேசமொன்றில் ரொக்கெட் செய்யும் நிறுவனத்தில் இருக்கிறாய். நிறுவனத்தின் பெயரையும் தேசத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. உங்கள் ரொக்கெட் மெதேனில் இயங்குவது. மெதேனையும் ஒட்சிசனையும் கடுங்குளிரில் திரவமாக்கித் தாங்கிகளில் நிரப்புகிறீர்கள். மேலே போனது கடலில் விழுந்து வீணாகாமல், அதே எஞ்சினை மறுபடி மூட்டிக்கொண்டு, தன் நெருப்பின் மேலேயே தாங்கி நின்றபடி இறங்கி, நான்கு கால்களை விரித்துத் தரையில் நிற்கவேண்டும். பிறகு அதே ரொக்கெட் மீண்டும் ஏறவேண்டும். அந்த இறங்கும் வித்தையைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சோதனையிலும் எந்த வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து அறிக்கையில் ஒப்பமிடுவது உன் வேலை. ஊரில் யாராவது "மகன் என்ன செய்யிறாரு டீச்சர்?" என்று கேட்டால், "ரொக்கெட் விடுறான்" என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்தேன். நீ விடுபவனல்ல, விட்ட பிறகு போய் முகர்ந்து பார்ப்பவன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது அந்த வேலைதான் பெரிது என்று நினைக்கிறேன். வயது போனபின் வரும் ஞானம்; அதற்கு விலை அதிகமில்லை.

உங்கள் முதல் இறக்கத்தை நாங்கள் எல்லோரும் அஸர் தொழுகைக்குப் பின் மண்டபத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். உன் லாத்தா, என் மூத்த பிள்ளை, வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். அவள் கணவர், உன் மச்சான், தான் மில்லுக்காரரின் மகன் என்பதால் இயந்திரம் எதையும் தன்னால் விளக்க முடியும் என்ற தோரணையில் விளக்கிக்கொண்டிருந்தார். ரொக்கெட் சற்றே சாய்ந்து வந்தது. எஞ்சின் ஒன்று மூளவில்லை. தரையில் பட்டதும் திரை முழுவதும் மஞ்சளானது. "விழுந்திட்டு" என்றார் மச்சான், எங்களுக்குக் கண் தெரியாது என்பதுபோல. மூன்று நாள் நீ அழைக்கவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது நின்றது. அது நின்ற விதம் அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்: ஒரு பனை உயரம் இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, புழுதியைக் கிளப்பி, காலை ஊன்றி, கொஞ்சம் ஆடி, அடங்கியது. லாத்தா அழுதாள். மச்சான் எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தப் போனார்.

"பொறுங்க மருமகன்" என்றேன். "அது இன்னும் மூச்சு விடுது."

ரொக்கெட்டின் விலாப்பக்கத்துக் குழாயிலிருந்து வெண்புகை போய்க்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் கூட வேறு கதைக்குப் போய்விட்டார். அது நிற்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை, ஒளிபரப்புத்தான் நின்றது. அடுத்த நாள் உன்னிடம் கேட்டேன். அந்த உரையாடல் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"மகன், எறங்கின பொறகும் குழாயால வெள்ளையாப் போகுதே, என்ன அது?"

"அது தண்ணி ஆவி உம்மா. குளிருக்குக் காத்துல இரிக்கிற ஈரம் வெள்ளையாகுது."

"ஈரம் வெள்ளையாகுறத உனக்குப் படிப்பிச்சதே நான்தான். குளிரா வாற சாமான் என்னண்டுதான் நான் கேக்கிற."

"தாங்கில மிஞ்சின மெதேன்."

"எரிச்சா விடுற?"

"இல்ல. சும்மா தொறந்து விடுற. இல்லாட்டி கிட்டப் போக ஏலாது, ஆபத்து."

"அத அளந்தியா?"

"அத அளக்கச் சொல்லல்ல உம்மா."

இரசாயனம் படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. மெதேன் முழுவதும் எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீரும் மிஞ்சும். எரியாமல் போனால் மெதேனாகவே போகும். நிறமில்லை, மணமில்லை, யாருக்கும் இருமல் வராது, ஆனால் வானத்தில் அது பிடித்துவைக்கும் வெப்பம் காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு. நீ அன்றைக்குப் பிறகு உறங்கவில்லை என்பதை நான் அறிவேன். யாரும் சொல்லாமல், இருந்த கருவியை அந்தக் குழாய்ப் பக்கம் திருப்பி வைத்து நீயே அளந்தாய். தரை தொட்ட பிறகு போவது மட்டுமல்ல. எரிபொருள் நிரப்பிவிட்டுக் கடைசி நிமிடத்தில் சோதனையைக் கைவிடும் நாட்களில், ஏறாமலே நிற்கும் அந்த ரொக்கெட் தாங்கியைக் காலியாக்க விடுவதையும் அளந்தாய். எரிந்ததற்குப் பக்கத்தில் எரியாமல் போனது சிறியதாக இருக்கும் என்று நினைத்திருந்தாய். அது சிறியதாக இருக்கவில்லை. மேலதிகாரியிடம் கொண்டுபோனாய். அவர் கோபப்படவில்லை, உனக்குத் தேநீர் கூட வரவழைத்தாராம். அறிக்கையில் "எஞ்சின் மூண்ட கணத்திலிருந்து தரை தொட்ட கணம் வரை" என்று வரையறை இருக்கிறது, அதற்குள் உன் எண்கள் எல்லாம் சரி, ஆகவே வியாழக்கிழமை ஒப்பமிடு என்றார். அந்த அறிக்கையை வைத்து, இன்னும் பல மடங்கு சோதனைகளுக்கு அனுமதி கேட்கப்போகிறார்கள். முதல் பக்கத்தில், "சோதனைகளின் மொத்த வெளியேற்றம்" என்று தலைப்பு.

மொத்தம் என்ற அந்தச் சொல்தான் உன் தொண்டையில் நிற்கிறது. என் தொண்டையில் நின்ற சொல் வேறு. அதைச் சொல்கிறேன்.

நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். உன் வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து இரண்டு வருடம். லாத்தாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். நம்மிடையே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறான். வாப்பா பாதியில் விட்ட வீட்டை நான் கட்டி முடித்துவிட்டிருந்தேன், ஆனால் அந்த வீட்டுக்கு வர யாரும் அவசரப்படவில்லை. ஆண் துணையில்லாத குடும்பம், படித்த பெண், அதைவிடப் படித்த, வாய் நீண்ட மாமி, அதாவது நான். அந்த நேரத்தில்தான் கடற்கரைப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த ஹாஜியாரின் வீட்டிலிருந்து, அவர் மகனுக்காகப் பேச்சு வந்தது. நல்ல மனிதர், இன்று உயிரோடில்லை. அதே மாதம், மில்லில் உமி எரிக்கும் புகையால் சாம்பல் விழுகிறது என்று சுற்றியிருந்த வீட்டார் பள்ளிவாசலில் முறையிட்டார்கள். பள்ளிவாசல் நிருவாகிகள் என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க அளந்து ஒரு அறிக்கை தாங்க, அத வெச்சித் தீர்ப்பம்" என்றார்கள். ஹாஜியாரும் சம்மதித்தார். அவர் என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை, எந்த மாதம் அளக்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. அதை நன்றாகக் கவனி. அவர் கேட்டது அறிக்கை. மாதத்தைத் தெரிவு செய்தது நான்.

ஓகஸ்டில் அளந்தேன். பாடசாலை விடுமுறை, ஆய்வுகூடத் தராசு ஓய்வாக இருக்கிறது, வசதி என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். வசலீன் பூசிய பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளைப் பன்னிரண்டு கூரைகளில் ஒரு வாரம் வைத்து, எடுத்து நிறுத்தேன். நம் கரையில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஓகஸ்ட் கச்சான் மாதம். கச்சான் வயல் பக்கமிருந்து எழுந்து ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகிற காற்று. கடற்கரை மில்லின் புகை முழுவதும் கடலுக்குப் போனது, மீன்கள் முறையிடவில்லை. தட்டுகள் துடைத்ததுபோல வந்தன. வாடை தொடங்கினால் காற்று கடலிலிருந்து ஊருக்குள் திரும்பும் என்பதும், பெரும்போக அறுவடை முடிந்து மில் இரவு பகலாக எரியும் காலம் அந்தக் காற்றில்தான் வருகிறது என்பதும் எனக்குத் தெரியாதா? ஒன்பதாம் வகுப்புக்கு நானே வரைபடம் போட்டுப் படிப்பிக்கிற பாடம். அறிக்கையில் ஒரு எண்ணும் பொய்யில்லை. "சாம்பல் வீழ்ச்சி குறிப்பிடத்தக்கதல்ல" என்று எழுதி ஒப்பமிட்டேன். எந்த மாதம், எந்தக் காற்று என்று எழுதவில்லை. ஜும்ஆ தொழுகைக்குப் பின் அதைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். என் பெயரையும் பட்டத்தையும் காற்று என் சமையலறைக்குக் கொண்டுவந்தது. அப்போது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், கை நிற்கவில்லை. மூன்று மாதத்தில் லாத்தாவின் நிக்காஹ் நடந்தது.

பெப்ரவரியில் பரீதா வந்தாள். உனக்கு இரண்டு வகுப்பு மூத்தவள், என் மாணவி. மில்லுக்கு அடுத்த ஒழுங்கையில் அவளுடைய தகப்பன் அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. கையில் ஒரு வெள்ளைத் துணி, குழந்தைக்குப் போர்த்துவது. அதை என் மேசையில், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களின் மேல் விரித்தாள். மிளகு தூவியதுபோல் இருந்தது.

"டீச்சர், இது நேத்து ஒரு பகல் கொடியில கெடந்த. புள்ளைக்கு ரெண்டு கெழமையா இழுப்பு. மூச்சு எடுக்கக்குள்ள நெஞ்சு உள்ளுக்குப் போகுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இழுப்புக்குக் காரணம் ஆயிரம் இரிக்கும் புள்ள. டொக்டரக் காட்டு. சாம்பலப் பத்தி அறிக்கை இரிக்கிதானே?" என்றேன். என் அறிக்கைக்கு நானே சாட்சி. துணியை நான்காக மடித்து அவளிடமே கொடுத்தேன். மடிக்கும்போது கரி என் விரலில் பட்டது, சேலையில் துடைத்துக்கொண்டேன். அவள் துணியை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு வாடைக்குப் பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுச் சம்மாந்துறைப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டாள். நம் ஊரில் ஒரு பெண் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குப் போவது என்றால் என்ன என்பதை வெளியூராருக்கு விளங்கவைப்பது கடினம். கணவன் கோபித்துக்கொண்டு போகலாம், பிள்ளைகள் பிழைப்புக்குப் போகலாம். வீடு அவளுடையது, அவள் அதில் இருப்பாள். அதை விட்டுப் போனாள். மில் பிற்பாடு வேறு காரணத்தால் மூடப்பட்டது. அந்தக் காரணத்திலும் எனக்குப் பங்கில்லை, பாராட்ட வேண்டாம்.

ஞாயிறு உன் தொலைபேசியை வைத்தபின் இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்புவதாகவே இருந்தேன். எழுதத் தொடங்கியதும், குற்றத்தை யாரிடம் செய்தேனோ அவளிடம் சொல்லாமல் உன்னிடம் சொல்வது அரைவேலை என்று பட்டது. திங்கட்கிழமை காலை ஓட்டோ பிடித்துச் சம்மாந்துறைக்குப் போனேன். பரீதா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி நரைக்கத் தொடங்கிவிட்டது; என்னைக் கண்டதும் முதலில் பயந்தாள்.

"என்ன டீச்சர், மவுத்து ஒண்டும் இல்லியே?"

"இல்ல. நான் இன்னும் உசிரோட இரிந்து பொய் சொல்லிக்கிட்டிரிக்கன். அதப் பத்தித்தான் கதைக்க வந்த."

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. அவள் நெல்லைக் காலால் கிளறியபடி கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கவேண்டும்.

"கச்சானுக்கு அளந்தீங்க எண்டத சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? அது எனக்கு அண்டைக்கே தெரியும் டீச்சர். என்ட கூரையிலயும் ஒரு தட்டு வெச்சீங்களே, ஏணியப் புடிச்சது ஆரு? கச்சான் மணல வாரி என்ட மொகத்துல அடிச்சிச்சி."

"பொறகேன் புள்ள வாயத் தொறக்கல்ல?"

"எந்த மாசம் எந்தக் காத்து எண்டு எனக்குப் படிப்பிச்சதே நீங்கதான். ஒங்களுக்குத் தெரியாம இரிக்குமா? தெரியாம செஞ்சா சொல்லிக் குடுக்கலாம். தெரிஞ்சி செய்றவங்களுக்கு என்னத்தச் சொல்ற?"

பதினேழு வருடமாக என் இரகசியம் என்று நான் நினைத்திருந்தது இரகசியமே அல்ல. அவளுடைய மகன் நன்றாக இருக்கிறான், உயரமாக வளர்ந்திருக்கிறான், சட்டைப் பையில் இழுப்புக்கு உறிஞ்சும் மருந்தோடு திரிகிறான். அவன் எப்படியும் அந்த நோயோடுதான் இருந்திருப்பானோ என்று உன்னைப்போல, உன் மேலதிகாரியைப்போல நானும் கேட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அளக்கவேண்டிய காலத்தில் அளக்காதவள் நான். விடைபெறும்போது, மகனுக்கு எழுதப்போகிறேன், அவனும் இப்படி ஒரு இடத்தில் நிற்கிறான் என்றேன்.

"மகனுக்கு மட்டுமா?" என்றாள். "அண்டைக்கு ஒலிபெருக்கியில ஊருக்கே வாசிச்ச. இண்டைக்கு மகண்ட காதுக்குள்ள மட்டும் சொல்லப்போறீங்க. நல்ல நாயம் டீச்சர்!"

அதனால்தான் இந்தக் கடிதம் இங்குள்ள வாரப் பத்திரிகையில் வெள்ளிக்கிழமை வரப்போகிறது. ஆசிரியர் என் பழைய மாணவன்; வேண்டாம் டீச்சர் என்று இரண்டு தடவை சொன்னான், மூன்றாம் தடவை இடம் ஒதுக்கினான்.

வீட்டில் சொல்லாமல் செய்யவில்லை. நேற்றுப் பகல் சாப்பாட்டில் லாத்தாவிடமும் மச்சானிடமும் சொன்னேன். "இப்ப என்னத்துக்கும்மா இதக் கிண்டுற?" என்றாள் லாத்தா. "மாமா மௌத்தாகிட்டாரு. மில்லும் இல்ல. ஊரு என்ன கதைக்கும்? என்ட கலியாணத்துக்காக நீங்க ஊரக் கெடுத்த எண்டுதானே கதைக்கும்?" அவள் சொல்வது சரி, அப்படித்தான் கதைக்கும். மச்சான் ஒன்றே ஒன்று கேட்டார்: "வாப்பாக்குத் தெரியுமா மாமி?" ஹாஜியாருக்குத் தெரியாது என்றேன், அல்லாஹ் அறிய அதுவே உண்மை. அவர் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். இதுவரை என்னோடு கதைக்கவில்லை. நான் இருப்பது என் மகளின் வீடு, அதற்கு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தவளும் நானே. இங்கே எனக்கு ஓர் அறையும் ஒரு யன்னலும் உண்டு, அதிகாரம் இல்லை. ஆகவே, வேலை போய்விடும் என்ற உன் பயத்தைக் காலாட்டிக்கொண்டு சிரிக்கிற இடத்தில் நான் இல்லை என்பதைத் தெரிந்துகொள்.

அந்தப் பயத்தை நீ ஞாயிறு அழகாகச் சொன்னாய். "வேல போனா பாலமுனைக்கு எந்த மொகத்தோட போற உம்மா? மாமாட ஊட்டு வாசல்ல செருப்பக் கழட்டவும் கூசும்." உன் மனைவியும் பிள்ளைகளும் பாலமுனையில் அவளுடைய வீட்டில் இருக்கிறார்கள், நீ மாதாமாதம் பணம் அனுப்பும் வரை அந்த வீட்டில் உனக்கு உட்கார ஒரு கதிரை இருக்கிறது. நம் வழக்கம் பெண்ணுக்குத் தரையைத் தந்தது, ஆணுக்கு உழைப்பைத் தவிர நிற்க இடம் தரவில்லை. அந்த வழக்கத்தின் நன்மையை நான் அனுபவித்தேன், தீமை உன் தலையில் விழுகிறது. ஆறுதலாக எதையும் சொல்ல என்னிடம் இல்லை. கூசத்தான் செய்யும். உன் மாமனார் முதல் வாரம் அன்பாக இருப்பார். இரண்டாவது மாதம், வயலில் தண்ணீர் பார்க்க ஆள் தேவை என்று பொதுவாகச் சொல்வார். போய்ப் பார். பட்டதாரிக்கும் தண்ணீர் ஒரே பக்கம்தான் ஓடும்.

நீ சொன்ன மற்ற நியாயங்களையும் நான் ஒதுக்கவில்லை. மண்ணெண்ணெய் ரொக்கெட் கக்கும் கரி உங்களுடையதில் மிகக் குறைவு என்றாய், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்து கடலில் எறிவதைவிட, இறங்கி நிற்பது நல்லது என்றாய், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நல்ல காரியம் என்பதால்தான் பயப்படுகிறேன். கெட்ட காரியத்துக்குப் பொய் சொல்பவனை ஊர் இரண்டு நாளில் பிடித்துவிடும். நல்ல காரியத்துக்குள் வைத்த பொய்யை யாரும் தேடமாட்டார்கள். ஹாஜியாரின் மில்லும் ஊருக்குச் சோறு போட்ட மில்தான். பிறகு, கடைசியில், சிரித்துக்கொண்டு சொன்னாயே: "நம்மட சம்மாந்துற வயலெல்லாம் வருசா வருசம் விடுற மெதேனுக்கு முன்னால இது ஒரு தும்மல் உம்மா." இருக்கலாம். தண்ணீர் நிற்கும் வயல் மெதேன் விடுகிறது, நானே படிப்பித்திருக்கிறேன். ஆனால் மகன், எந்த வயலும் தான் ஒன்றும் விடவில்லை என்று யாருக்கும் ஒப்பமிட்டுக் கொடுக்கவில்லை. உனக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: என் சாம்பலுக்கு ஒரு பரீதா இருந்தாள், துணியோடு வந்தாள். உன் மெதேனால் மூச்சு முட்டி யாரும் உன் மேசைக்கு வரப்போவதில்லை. எவரும் எப்போதும் வரமாட்டார்கள். உன் நிலைமை என்னுடையதைவிடச் சுலபம் என்பதால்தான் அது என்னுடையதைவிட மோசம்.

இனிப் புத்திமதி. மறுத்துவிட்டு எழுந்து வா என்று சொல்லமாட்டேன். மறுப்பவனின் இடத்தில் அடுத்த நாளே கூசாமல் ஒப்பமிடும் ஒருவனை உட்கார வைப்பார்கள். உன் கௌரவம் தப்பும், அறிக்கை அப்படியே போகும். நீ ஒப்பமிடு. ஆனால் அதற்கு மேலே, உன் கையெழுத்தில் ஒரு வரி எழுது: இந்த எண்கள் எஞ்சின் மூண்டதிலிருந்து தரை தொட்டது வரை மட்டுமே, அதற்கு முன்னும் பின்னும், கைவிடப்பட்ட சோதனைகளிலும், எரியாமல் வெளியேறிய மெதேன் இதில் சேரவில்லை, அதை நான் அளந்திருக்கிறேன், கேட்டால் தருவேன். வேறு எதுவும் வேண்டாம். குற்றச்சாட்டு வேண்டாம், வீரம் வேண்டாம். என் அறிக்கையிலும் ஒரு வரிதான் குறைந்தது: "கச்சான் காலத்தில் அளந்தது." மூன்றே சொற்கள். எழுதியிருந்தால் ஹாஜியார் கோபித்திருப்பார், ஒருவேளை கல்யாணம் நின்றிருக்கும், உன் லாத்தா என்னைச் சபித்திருப்பாள். அல்லது இவை ஒன்றும் நடந்திருக்காது, அவர் புகைபோக்கியை உயர்த்தியிருப்பார். எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே சாகப்போகிறேன். உனக்கு அது வேண்டாம். அந்த வரியைப் பார்த்து உங்கள் மேலதிகாரி தாளைக் கிழித்தால் கிழிக்கட்டும், கிழித்தவர் அவர் என்றாவது இருக்கும். யார் கண்டது, மிஞ்சிய வாயுவை ஒரு குழாயின் முனையில் கொளுத்தி விடலாமே என்று யாராவது ஒருவருக்குத் தோன்றவும் கூடும். எண்ணெய் வயல்காரன் செய்கிற வேலை, ரொக்கெட் விடுகிறவர்களுக்கு ஏலாதா?

இக்கடிதத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மில்லும் பரீதாவும் என் பகுதி. அது வெள்ளிக்கிழமை வரும், அதைத் தடுக்க உனக்கு உரிமையில்லை, லாத்தாவுக்கும் இல்லை. ரொக்கெட் உன் பகுதி. உன் அனுமதியின்றி அதை அச்சிடமாட்டேன். பெயரில்லாவிட்டாலும் ஊருக்கு நீ யாரென்று தெரியும், உங்கள் நிறுவனத்தார் கண்ணிலும் படலாம். ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்: வியாழன் மாலை மஃரிபு தொழுகை வரை பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறான். நீ அந்த வரியை எழுதாமல் ஒப்பமிட்டாய் என்றால் எனக்கு விளக்கம் சொல்லவேண்டாம், "வெட்டுங்க" என்று ஒரு சொல் அனுப்பு. உன்னைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் வெட்டிவிடுகிறேன். ஒரு கிழவி தன் பழைய பிழையைச் சொல்லிக்கொண்டாள் என்று ஊர் வாசித்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகும் நீ என் மகன்தான், பெருநாளைக்கு வருவாய், சோறு போடுவேன். எழுதினாய் என்றால் ஒன்றும் அனுப்பவேண்டாம். வெள்ளிக்கிழமை இந்தப் பத்திரிகையைக் கையிலெடுப்பவர்கள், இந்த வரிவரை ரொக்கெட்டைப் பற்றி வாசித்திருந்தால், உன்னிடமிருந்து எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை என்று அறிந்துகொள்ளட்டும்.

உம்மா